வீட்டு வாசலில் கூழாங்கல்: எந்தக் கரையில் இருந்து வந்தது?

ஒலக்கூர் ஸ்டேஷனில் விழுப்புரம் பாசஞ்சர் நிற்கும்போது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் எட்டித் தண்டவாளத்தைப் பாருங்கள்.

கீழே கிடப்பது அத்தனையும் உடைத்த கல். ஒவ்வொன்றுக்கும் கூரான முனை, வெட்டிய முகம். உருண்டையான கல் ஒன்றுகூட அகப்படாது.

அதே ஆள் ரயிலை விட்டு இறங்கி, திண்டிவனம் டவுனில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காட்சி தலைகீழ். கேட்டைத் திறந்ததும் வாசல் ஓரமாக வெள்ளையும் கறுப்புமாக உருண்ட கல். பூந்தொட்டியைச் சுற்றி உருண்ட கல். துளசி மாடத்துக்குக் கீழேயும் அதுதான்.

"என்ன சார், கல்லை விலை கொடுத்தா வாங்கினீங்க?" என்று விருந்தாளி கேட்பார்.

"பீச் கல்லுங்க. மூட்டைக் கணக்கில் விக்கிறான்" என்பார் வீட்டுக்காரர்.

பீச் கல் என்றால் எந்த பீச்? அதைத்தான் யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். கரையில் கிடந்த உருண்ட கல்லை அள்ளிக்கொண்டு போனதால் ஒரு மீனவ கிராமமே கடலுக்குள் போன கதை இருக்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் நம் ஊர்க் கதை.

உடைத்த கல்லும் உருண்ட கல்லும்

ரயில்வேக்காரர்கள் ஏன் உருண்ட கல்லைத் தொடுவதில்லை? காரணம் எளிது. ரயில் ஓடும்போது தண்டவாளம் அதிரும். கூரான கல் ஒன்றின் முனை இன்னொன்றின் இடுக்கில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். உருண்ட கல்லைப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று உருண்டு ஓடிவிடும். அதனால்தான் கருங்கல்லை மெஷினில் உடைத்து, 65 மில்லி மீட்டர் அளவு வரை சலித்துப் போடுகிறார்கள்.

அந்த மாதிரி உடைத்த கல்லுக்கு விழுப்புரம் மாவட்டத்தில் பஞ்சம் கிடையாது. திண்டிவனம், வானூர் வட்டாரத்தில் கல்குவாரியும் கிரஷரும் ஏராளம். ஜல்லி லாரி போகாத ரோடு இல்லை.

உருண்ட கல் சங்கதி வேறு. அதை மனிதன் உடைத்து உண்டாக்க முடியாது. ஆறும் கடலும்தான் உண்டாக்க வேண்டும்.

மலையில் இருந்து பெயர்ந்து விழும் கல், விழும்போது முரடாகத்தான் இருக்கும். ஆற்று வெள்ளம் அதை உருட்டும். கல்லோடு கல் மோதும். முதலில் முனைகள் உடையும். பிறகு விளிம்புகள் தேயும். கூடவே ஓடிவரும் மணல் உப்புக் காகிதம் போலத் தேய்த்துக்கொண்டே வரும். மெத்தென்ற கல் பொடியாகி மணலாகிவிடும். கெட்டியான கல்தான் மிச்சம் நிற்கும். கூழாங்கல்லில் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற வெண்கல் வகை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆற்றில் உருண்ட கல் பெரும்பாலும் உருண்டையாகவோ முட்டை மாதிரியோ இருக்கும். கடற்கரைக் கல் கொஞ்சம் தட்டையாக, அதிரசம் மாதிரி இருக்கும். அலை அதை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துத் தேய்ப்பதால் வந்த வடிவம் அது.

கூழாங்கல்லுக்கு அளவுகூட உண்டு. 4 மில்லி மீட்டரில் இருந்து 64 மில்லி மீட்டர் வரை இருப்பதுதான் கூழாங்கல் என்பது புவியியல்காரர்கள் கணக்கு. அதற்கு மேலே போனால் உருண்டைக் கல். கீழே போனால் பருமணல்.

மரக்காணத்தில் ஒரு கல் உண்டா?

திண்டிவனத்தில் பஸ் ஏறிக் கிழக்கே போனால் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை அதுதான். உப்பளம் இருக்கிறது, மீன் இருக்கிறது, கண்ணுக்கு எட்டிய வரை மணல் இருக்கிறது. கூடை நிறையக் கூழாங்கல் பொறுக்கலாம் என்று போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

ஏன் இல்லை? மலை எங்கோ மேற்கே இருக்கிறது. அங்கிருந்து வரும் ஆறுகள் சமவெளியில் மெதுவாக நடந்து வருகின்றன. கனமான கல்லை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டு, பொடி மணலையும் வண்டலையும் மட்டும் கடலுக்குக் கொண்டு வருகின்றன. கடலுக்கு வந்து சேராத கல்லைக் கடல் எப்படி உருட்டும்?

ஆகவே "மரக்காணம் பீச் கல்" என்று யாராவது விற்றால் அது கதை என்று தெரிந்துகொள்ளலாம்.

செம்மண் மேட்டில் புதைந்த ஆறு

கடற்கரையில் இல்லாத கூழாங்கல் இதே மாவட்டத்தில் வேறொரு இடத்தில் இருக்கிறது. மயிலம், வானூர் பக்கம் செம்மண் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். மழை அறுத்த ஓடைக் கரையில் நின்று பார்த்தால், சிவந்த மண்ணுக்கு நடுவே வரிசை வரிசையாக உருண்ட கல் பதிந்திருக்கும் இடங்கள் உண்டு. 'கடலூர் மணற்கல்' என்று புவியியலில் பெயர் பெற்ற படிவம் இது. மணற்கல், களிமண், கூழாங்கல் அடுக்கு எல்லாம் இதில் கலந்து கிடக்கும்.

இன்றைக்கு வறண்ட மேடாக இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பெரிய வெள்ளம் புரண்டு ஓடியது என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி.

இன்னொரு பெரிய சாட்சி திருவக்கரையில் இருக்கிறது. பௌர்ணமி தவறாமல் வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வேலி போட்ட இடத்தைப் பார்த்திருக்கலாம். அதுதான் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியச் சின்னமாகக் காத்து வருகிறது.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மண்ணில் புதைந்தன. மண்ணுக்குள் ஊறிய நீரில் இருந்த சிலிக்கா, மரத்தின் நார் இருந்த இடத்தில் எல்லாம் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மரம் போய்க் கல் ஆனது. ஆண்டு வளையம்கூட அப்படியே தெரியும். தட்டினால் கல் சத்தம் கேட்கும்!

அந்த மரங்களுக்குக் கிளையும் கிடையாது, வேரும் கிடையாது. அங்கேயே முளைத்து நின்ற மரமாக இருந்தால் அடிவேராவது இருக்க வேண்டும். எங்கிருந்தோ அடித்து வரப்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். 1781-ல் சொன்னராட் என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைப் பற்றி முதலில் குறித்து வைத்தார். பூங்காவின் மொத்தப் பரப்பு 247 ஏக்கர். 3 மீட்டரில் இருந்து 15 மீட்டர் வரை நீளமுள்ள மரங்கள் அங்கே படுத்துக் கிடக்கின்றன.

கூழாங்கல்லும் கல்மரமும் ஒரே செம்மண் படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவை. அதனால் ஒரு எச்சரிக்கை. தோட்டத்து அலங்காரத்துக்கு அழகாக இருக்கிறதே என்று கல்மரத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால் அடுத்த தலைமுறை பார்ப்பதற்கு வேலி மட்டும்தான் மிஞ்சும்.

கல்லைத் தேடிய முதல் ஆள்

கூழாங்கல்லைத் தேடிப் பொறுக்கிய முதல் ஆள் தோட்டக்காரர் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. கொற்றலை ஆற்றுப் பக்கம். அங்கே ஆதி மனிதன் செய்த கல் கோடரிகள் கிடைத்தன. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் 1863-ல் அந்த இடத்தைக் கண்டறிந்தார். அந்தக் கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. உருண்டு வந்த கெட்டியான கல்லை எடுத்து, தட்டிச் செதுக்கி ஆயுதமாக்கினான் அந்த மனிதன்.

பிறகு கல் சாமியானது. நர்மதை ஆறு உருட்டித் தரும் பாணலிங்கத்துக்கு உளி வேலை தேவையில்லை. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் அப்படித்தான். உள்ளே பழங்காலக் கடல் உயிரின் சுருள் பதிந்திருக்கும். வீட்டுத் திண்ணையில் அஞ்சாங்கல் ஆடிய பெண் பிள்ளைகளுக்கும் வழவழப்பான கல்தான் வேண்டியிருந்தது.

தோட்டத்தில் கூழாங்கல்லைக் கலையாக்கியதில் பெயர் பெற்றவர்கள் ஜப்பான்காரர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே, குளத்தின் ஓரத்தில் உருண்ட கல்லைப் பரப்பிக் கடற்கரை மாதிரியே செய்து வைத்தார்கள். அதற்கு 'சுஹாமா' என்று பெயர். கடல் பக்கத்தில் இல்லாத ஊரில் வீட்டுக்குள் ஒரு கடற்கரை! இன்றைக்குத் திண்டிவனத்து வாசலில் நடப்பதும் அதேதான், அளவுதான் சிறிசு.

அழகுக்கு மட்டும்தானா?

அப்படியும் சொல்ல முடியாது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். அப்போது வெட்டிய உறிஞ்சு குழிகளில் கூழாங்கல்லும் செங்கல் ஜல்லியும் மணலும் போட்டு நிரப்பினார்கள். உருண்ட கற்களுக்கு நடுவே இடைவெளி நிற்கும். தண்ணீர் தங்காமல் கீழே இறங்கும். ஊருக்குக் குடிநீர் சுத்தம் செய்யும் மணல் வடிகட்டிகளிலும் அடியில் கல் அடுக்கு உண்டு.

பீங்கான் ஆலைகளுக்கும் கூழாங்கல் வேண்டும். சுற்றும் உருளைக்குள் கெட்டியான கூழாங்கல்லைப் போட்டு மூலப்பொருளை மாவாக அரைப்பார்கள். மத்திய அரசின் கனிமப் பட்டியலிலேயே இந்த அரைக்கும் கூழாங்கல்லுக்குத் தனியாக ஒரு இடம் இருக்கிறது.

ஊர்ப் பூங்காக்களில் எட்டு வடிவ நடைபாதையில் கல் பதித்து, வெறுங்காலில் நடக்கச் சொல்வதையும் பார்க்கிறோம். 2005-ல் அமெரிக்காவில் ஒரிகனில் ஒரு ஆய்வு வெளியானது. 60 வயதைத் தாண்டிய 108 பேரில் ஒரு பகுதியினரைக் கூழாங்கல் மாதிரி செய்த பாய் மேல் 16 வாரம் நடக்க விட்டார்கள். சாதாரணமாக நடந்தவர்களைவிட அவர்களுக்கு உடம்பு தள்ளாடாமல் நிற்பது கூடியது. இரத்த அழுத்தமும் குறைந்தது. ஆனால் சர்க்கரை வியாதியில் கால் மரத்துப் போனவர்கள் வெறுங்காலில் கல் மேல் நடக்கவே கூடாது. புண் வந்தாலும் தெரியாது.

ஊரே போன கதை

இப்போது அந்த மீனவ கிராமத்துக் கதை.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் டெவன் என்ற மாவட்டம். அங்கே ஹால்சாண்ட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 37 வீடுகள். கடலை ஒட்டிப் பாறை மேல் வரிசையாகக் கட்டியவை. வீடுகளுக்கு முன்னால் கூழாங்கல் கரை. அதில்தான் படகை இழுத்துப் போடுவார்கள். வலையைக் காயப் போடுவார்கள்.

1897-ல் பிளிமத் பக்கத்தில் கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்க ஆரம்பித்தார்கள். கான்கிரீட்டுக்குக் கல் வேண்டும். ஹால்சாண்ட்ஸ் கரைக்கு எதிரே கடலடியில் இருந்து அள்ளத் தொடங்கினார்கள். சில நாட்களில் 1,600 டன் வரை அள்ளினார்கள். மொத்தம் அள்ளியது சுமார் 6½ லட்சம் டன்!

"கடல் மறுபடி கொண்டுவந்து போட்டுவிடும்" என்பது அள்ளியவர்களின் எண்ணம். கடல் போடவில்லை. கரையில் மிச்சம் இருந்த கல் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. சில ஆண்டுகளிலேயே கரை ஆள் உயரத்துக்கு மேல் தாழ்ந்து போனது. மீனவர்கள் சத்தம் போட்டார்கள். 1902-ல் உரிமம் ரத்து ஆனது. ஆனால் போன கல் போனதுதான்.

1917 ஜனவரி 26 இரவு. கிழக்கே இருந்து புயல். கூடவே கடல் ஏற்றம். அலையைத் தடுக்க முன்னால் கரை இல்லை. வீடு வீடாக இடிந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது ஒன்றுதான் ஆறுதல். அந்த ஆண்டு முடிவில் குடியிருக்கத் தகுந்த வீடு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

கூழாங்கல் கரை அப்படி என்ன செய்கிறது? அலை வந்து அடிக்கும்போது தண்ணீர் கற்களின் இடுக்கில் புகுந்து கீழே வடிகிறது. திரும்பிப் போகும்போது இழுத்துக்கொண்டு போக வலு இருப்பதில்லை. கல்லும் கொஞ்சம் நகர்ந்து அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அதாவது கரையில் சும்மா கிடக்கிற கல் சும்மா கிடக்கவில்லை. ஊருக்கு மதில் சுவராக நிற்கிறது.

இதே இங்கிலாந்தில் செசில் பீச் என்று 29 கிலோ மீட்டர் நீளக் கூழாங்கல் கரை இருக்கிறது. ஒரு முனையில் பட்டாணி அளவு. மறு முனையில் பெரிய உருளைக்கிழங்கு அளவு. இருட்டில் கரை ஏறும் மீனவர்கள் கல்லின் அளவைத் தடவிப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். அங்கே இன்று ஒரு கல்லை எடுத்தாலும் குற்றம்.

நம் கரையில் நடந்தது

"அது வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன?" என்று கேட்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் என்று சொல்வார்கள். அதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. சுற்றிலும் இருந்த பவளக் கல்லை வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பல காலம் வெட்டி எடுத்ததுதான் பெரிய காரணம். 2001-ல் பவளத்தை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்த பிறகுதான் கடிவாளம் விழுந்தது.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? புதுச்சேரிக்குப் போங்கள். 1980-களின் கடைசியில் அங்கே துறைமுகத்துக்கு அலைத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கே இருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்தது. வடக்கே மணல் வராமல் நின்றது. ஊருக்கு முன்னால் இருந்த அழகான பீச் கரைந்து, கருங்கல்லைக் கொட்டிக் காக்க வேண்டியதானது. அரிப்பு அதோடு நிற்கவில்லை. எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்துச் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் குப்பங்கள் வரை வந்து வீடுகளைத் தின்றது. 2018-19-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் புதுச்சேரியில் ஓரளவு மணல் திரும்பி வந்தது.

கரையில் இருந்து ஒரு பொருள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் வந்தது. 2011-லும் 2019-லும் புதிதாக்கினார்கள். கரையோரத்தில் மணல், பாறை, அடிமண் ஆகியவற்றைத் தோண்டி எடுக்கக் கூடாது என்பது அதில் முக்கியமான தடை. வேறு எங்கும் கிடைக்காத அரிய கனிமங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தோட்டக் கல் அந்த விலக்கில் வராது.

செம்மண் மேட்டில் தோண்டுவது வேறு விஷயம். கூழாங்கல் சிறு கனிமம். 1959-ம் ஆண்டு தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி கனிமவளத் துறையில் உரிமம் வாங்கி, அரசுக்குச் சேர வேண்டிய சீனியரேஜ் தொகையைக் கட்டி எடுக்க வேண்டும். லாரி கிளம்பும்போது கையில் நடைச்சீட்டு இருக்க வேண்டும். சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் விற்பனைக்குத் தோண்ட வேண்டுமானால் அனுமதி தேவை.

கடைக்குப் போகிறீர்களா?

கடையில் இருக்கிற உருண்ட கல் எல்லாம் ஆறும் கடலும் உருட்டியது என்று நினைக்க வேண்டாம். நிறையக் கல் டிரம்மில் உருண்டது. வெள்ளை மார்பிளையோ குவார்ட்ஸையோ உடைத்து, தண்ணீரோடு சுற்றும் டிரம்மில் போட்டு, முனை போகும் வரை தேய்த்து எடுக்கிறார்கள். இயற்கைக்கு லட்சக்கணக்கான ஆண்டு பிடிக்கும் வேலை, மெஷினில் சட்டென்று முடிந்துவிடுகிறது.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. எந்தக் கரையையும் காலி பண்ணாத கல் அது. டிரம் கல்லை டிரம் கல் என்று சொல்லி விற்றால் போதும். இயற்கைக் கல் என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கினால்தான் ஏமாற்று.

கண்டுபிடிக்கச் சில வழிகள்:

ஒரு மூட்டையில் எல்லாக் கல்லும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே பளபளப்பு என்றால் பெரும்பாலும் மெஷின் வேலை. இயற்கைக் கல்லில் நிறம் கலந்திருக்கும். மேலே மெல்லிய கீறலும் மங்கலும் இருக்கும்.

வெள்ளைக் கல் மார்பிளா, குவார்ட்ஸா என்று பார்க்க, கல்லை லேசாகச் சுரண்டி அதன் மேல் எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு சொட்டு விடுங்கள். சின்னச் சின்னக் குமிழி வந்தால் மார்பிள். குவார்ட்ஸ் சும்மா இருக்கும்.

பளபளக்கும் கல்லை வெந்நீரில் போட்டு ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அது சாயம் போட்ட கல். மெழுகு பூசிய கல் வெந்நீரில் வழவழப்பு இழக்கும். வெயில் மழையில் ரெண்டும் நிற்காது.

கடைசியாக, "எங்கே இருந்து வருது? பில் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நேர்மையான வியாபாரிக்கு அதைச் சொல்வதில் கஷ்டம் இல்லை. "பீச்சில் அள்ளினதுங்க" என்று பெருமையாகச் சொன்னால், மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

அதிகமாக வாங்கி மூலையில் கொட்டி வைப்பதுதான் பலர் செய்வது. கணக்கு சுலபம். ஒரு கன அடி கூழாங்கல் சுமார் 45 கிலோ எடை வரும். 10 அடி நீளம், ஒரு அடி அகலம், 2 அங்குல கனத்தில் வாசல் ஓரம் பரப்ப சுமார் 75 கிலோ போதும். 50 கிலோ மூட்டை ஒன்றரை.

கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் போட்டால் பயன் அதிகம். மண் தெறித்துச் சுவர் அழுக்காகாது. நடக்கிற பாதையில் சும்மா பரப்பினால் ரயில்வேக்காரர்கள் பயந்தது உங்களுக்கு நடக்கும். கால் வைத்ததும் உருளும். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. பாதைக்கு வேண்டுமானால் சிமெண்டில் பாதி புதைத்துப் பதிக்க வேண்டும்; ஓரத்தில் செங்கல் வரிசை கட்ட வேண்டும்.

மண்ணின் மேல் நேராகக் கொட்டாமல், தண்ணீர் இறங்கும் துணி ஒன்றை விரித்து அதன் மேல் போட்டால் புல் முளைப்பது குறையும். கல்லும் மண்ணுக்குள் போகாது. செடியின் தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் கல் சுட்டு, தண்டு வெந்துவிடும். மார்பிள் கல்லில் சுண்ணாம்புச் சத்து உண்டு. இட்லிப்பூச் செடிக்கு அது ஆகாது, இலை மஞ்சளாகும். மார்பிள் கல்லைப் பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவினால் கல்லே அரித்துப் போகும். சோப்புத் தண்ணீரே போதும்.

கனமாகக் குவித்தால் இடுக்கில் தேளும் பூரானும் குடியேறும். 2 அங்குலத்துக்கு மேல் போகாமல், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளறி விட வேண்டும்.

ஒரு முறை வாங்கிய கல் கெட்டுப் போகாது. வீடு மாறும்போது மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகலாம். புதிதாகக் கட்டுகிறவர்கள், பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் கல்லை வாங்கிக் கழுவிப் போட்டால் செலவும் மிச்சம். புதிதாக ஒரு மேட்டைத் தோண்டவும் வேண்டாம்.

அடுத்த பௌர்ணமிக்குத் திருவக்கரை போகிறவர்கள் கோயிலோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளைக் கல்மரப் பூங்காவுக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். மண்ணில் பதிந்த கூழாங்கல்லையும், கல்லாகிப் போன மரத்தையும் காட்டி, "இங்கே ஒரு காலத்தில் பெரிய வெள்ளம் ஓடிச்சுடா" என்று சொல்லலாம். தொட்டுப் பார்க்கட்டும். வரும்போது பிள்ளையின் சட்டைப் பையை மட்டும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.